பத்து இணைப்புகளும் யார் கையில் இருக்கின்றன?

மருத்துவப் பரிசோதனைக் கூடங்கள் சிலவற்றை நடத்தும் நிறுவனத்தில் மென்பொருள் பணியில் இருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

இரத்தப் பரிசோதனைக்கான முன்பதிவுச் செயலியை மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் அவர்தான். ஜாவா, ஸ்பிரிங் பூட், ஹிகாரி கனெக்‌ஷன் பூல், பின்னால் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். பூல் என்பது தரவுத்தள இணைப்புகளைத் திறந்தே வைத்து, கேட்கும்போது கொடுத்து வாங்கும் கிடங்கு; ஹிகாரி அதை நடத்தும் மென்பொருள். செயலி நான்கு நகல்களாக வாடகை கிளவுடில் ஓடுகிறது. தரவுத்தள சர்வர் எட்டு கோர் கொண்ட இயந்திரம். தலைமை அலுவலகத்தில், ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கிறது. ஆறு மாதங்களாகத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் திரை உறைந்துவிடுகிறது. 'இணைப்பு கிடைக்கவில்லை, 30000 மில்லி விநாடிக்குப் பின் கோரிக்கை காலாவதியானது' என்று பொருள்படும் பிழைச்செய்தி பதிவேட்டில் நிரம்புகிறது. செயலியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் இருபது நிமிடம் ஓடுகிறது, பிறகு பழையபடி.

பூலின் அளவை 10-இலிருந்து 50 ஆக்கினார். உடனே 'ஏற்கெனவே அளவுக்கு அதிகமான இணைப்புகள்' என்று தரவுத்தளமே மறுத்தது. நிர்வாகி அதன் உச்சவரம்பை 100-இலிருந்து 500 ஆக உயர்த்தினார். மறுப்பு நின்றது, ஆனால் எல்லாமே மந்தமாகிவிட்டது. இது போதாதென்று, ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலை ஆறரைக்கு முதலில் நுழையும் ஊழியர்களுக்கு அரை நிமிடக் காத்திருப்பும் பிழையும் வருகின்றன. மறுமுறை முயன்றால் சரியாகிவிடுகிறது. 'நெட்வொர்க் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். தரவுத்தள நிர்வாகி, சிபியு இருபது சதவீதத்தைத் தாண்டவில்லை என்கிறார். ஆகவே குற்றம் என்னுடையது. பூலையே எடுத்துவிடட்டுமா? பெரிய சர்வர் கேட்கட்டுமா? தினமும் காலை ஏழு மணிக்குத் தானாக மறுதொடக்கம் ஆகும்படி செய்துவிடட்டுமா? வெறும் வயிற்றோடு வந்த முதியவர்கள் கவுன்டர் முன் நிற்பதைப் பார்க்கும்போது, இந்த வேலைக்கு நான் தகுதியானவள்தானா என்று தோன்றுகிறது' என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

கவுன்டர் முன் நிற்பவர்களை நினைத்து வருந்துகிறீர்கள். அந்த அக்கறையும், பிழைச்செய்தியைச் சொல் மாறாமல் குறித்து அனுப்பிய ஒழுங்கும் இருப்பவர் இந்த வேலைக்குத் தகுதியானவர்தான். உங்கள் கடிதத்தில் சொன்ன மூன்றும் உண்மை. நெட்வொர்க் வேலை செய்கிறது. சிபியு சும்மாதான் இருக்கிறது. உங்கள் செயலியில் ஒரு தவறும் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிய பகுதியில் இல்லை. உங்கள் கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: 'ஆறு மாதங்களுக்கு முன் முன்பதிவை உறுதிசெய்யும் குறுஞ்செய்தி வசதியைச் சேர்த்தோம், செய்தி போகாவிட்டால் முன்பதிவும் பதிவாகக்கூடாது என்பதற்காக இரண்டையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்தேன்.' அந்த வரியைத்தான் நான் மூன்று முறை படித்தேன். டிரான்ஸாக்‌ஷன் என்றால், முழுவதும் நிற்கும் அல்லது முழுவதும் ரத்தாகும் தரவுத்தள வேலைத் தொகுப்பு.

முதலில், யார் மறுக்கிறார்கள்?

'தரவுத்தள இணைப்புத் தோல்வி' என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் வேறு வேறு இடங்களில் நடக்கிறது. இணைப்பு உடனடியாக மறுக்கப்பட்டால், அந்த இயந்திரம் உயிருடன் இருக்கிறது, ஆனால் போஸ்ட்கிரஸ் வழக்கமாகக் காதுகொடுக்கும் 5432 என்ற போர்ட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை என்று பொருள். பதிலே வராமல் நேரம் கடந்தால், வழியில் ஒரு ஃபயர்வால் பொட்டலங்களை ஓசையில்லாமல் விழுங்குகிறது என்று சந்தேகிக்கலாம். கடவுச்சொல் தவறு என்றோ, உங்கள் முகவரிக்கு அனுமதி இல்லை என்றோ வந்தால் அது சர்வர் வரை போய்த் திரும்பிய பதில். 'அளவுக்கு அதிகமான இணைப்புகள்' என்பதும் அப்படித்தான், சர்வரே பேசுகிறது.

உங்களுக்கு முதலில் வந்த செய்தி இவற்றில் எதுவுமே இல்லை. அது ஹிகாரியின் செய்தி. உங்கள் செயலிக்குள்ளேயே ஒரு த்ரெட் (ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் பணியிழை) பூலிடம் இணைப்பு கேட்டு வரிசையில் நின்று, ஹிகாரியின் இயல்பு அளவான 30 விநாடி ஆனதும் கைவிட்டிருக்கிறது. அந்தக் கோரிக்கை தரவுத்தளத்தின் வாசலுக்கே போகவில்லை. சிபியு இருபது சதவீதத்தில் இருந்ததற்கும் உங்கள் திரை உறைந்ததற்கும் முரண்பாடு இல்லாதது இதனால்தான்.

நம் ஊர்களில் மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விட்ட கடைகள் நினைவிருக்கும். கடையில் பத்து சைக்கிள்கள். எடுத்தவர் வேலை முடிந்ததும் திருப்பி விட்டால் ஊரே அந்தப் பத்தில் ஓடும். எடுத்தவர்கள் சைக்கிளை மரத்தடியில் சாத்திவிட்டு யாருக்காகவோ காத்திருந்தால், கடை முன் கூட்டம் நிற்கும். சாலையிலோ ஒரு சைக்கிளும் ஓடாது. உங்கள் பூலில் நடப்பது அதுதான்.

திங்கட்கிழமைக் கணக்கு

நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துக் கணக்கிடுகிறேன். ஒரு முன்பதிவைச் சேமிக்கத் தரவுத்தளத்துக்கு ஆகும் நேரம் சுமார் 40 மில்லி விநாடி. அதாவது ஒரு இணைப்பு ஒரு விநாடியில் 25 முன்பதிவுகளை முடிக்கும். நான்கு நகல்களிலும் சேர்த்து 40 இணைப்புகள் என்றால், ஏட்டளவில் விநாடிக்கு 1000. உங்கள் உச்ச நேரத் தேவையோ நிமிடத்துக்கு 200 மட்டுமே.

இப்போது டிரான்ஸாக்‌ஷனுக்குள் குறுஞ்செய்தி நிறுவனத்துக்குப் போகும் அழைப்பைச் சேருங்கள். சாதாரண நாளில் அரை விநாடி, யாரும் உணரமாட்டார்கள். திங்கள் காலையில் அவர்களுடைய பதில் 20 விநாடிவரை தாமதமாவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது ஒரு இணைப்பு நிமிடத்துக்கு மூன்று முன்பதிவுகளைத்தான் முடிக்கும். நாற்பதும் சேர்ந்து 120. வருவது 200. ஒவ்வொரு நிமிடமும் எண்பது பேர் வரிசையில் சேர்கிறார்கள். மறுதொடக்கம் அந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது. அதனால்தான் சிறிது நேரம் மூச்சு வருகிறது, வரிசை மறுபடியும் சேரும்வரை.

பூலை 50 ஆக்கிய பிறகு வந்த மந்தத்துக்கும் இதே வேர்தான். ஒருவர் ஒரு நேரத்தைப் பதிவு செய்யும்போது, அதே இடத்தை இன்னொருவர் எடுக்காதிருக்க அந்த நேரத்துக்கான தரவுத்தள வரியை உங்கள் நிரல் பூட்டுகிறது. சரியான செயல்தான். ஆனால் டிரான்ஸாக்‌ஷன் முடியும்வரை பூட்டு அவிழாது. குறுஞ்செய்தி 20 விநாடி எடுத்தால், காலை ஏழு மணிக்கான இடத்தைக் கேட்கும் அடுத்தவர் 20 விநாடி நிற்பார், அவருக்கு அடுத்தவர் 40. இணைப்புகளைக் கூட்டியபோது பூட்டின் முன் நிற்பவர்கள்தான் கூடினார்கள்.

இதை என் சொல்லை நம்பி ஏற்க வேண்டாம், நேரில் பாருங்கள். போஸ்ட்கிரஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற காட்சி ஒவ்வொரு இணைப்பும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று சொல்லும். 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்ற நிலையில் எத்தனை இருக்கின்றன, அவற்றின் டிரான்ஸாக்‌ஷன் எப்போது தொடங்கியது, 'லாக்' என்ற காத்திருப்பில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணுங்கள். மரத்தடியில் சாத்திய சைக்கிள் என்று நான் சொன்னது அந்த முதல் நிலையைத்தான்.

இதைப் பார்க்க அனுமதி தரமாட்டேன் என்று நிர்வாகி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். செயலி எந்தப் பயனர் பெயரில் இணைகிறதோ அதே பெயரில் நுழைந்தால், அந்தப் பயனரின் இணைப்புகள் அனைத்தையும் முழு விவரத்துடன் இப்போதே பார்க்கலாம். தனி அனுமதி தேவையில்லை. மற்றவர்களுடையதும் வேண்டுமென்றால் போஸ்ட்கிரஸ் 10 முதல் பிஜி மானிட்டர் என்ற உரிமை இருக்கிறது. கண்காணிக்கத்தான் பயன்படும், அட்டவணைகளின் தரவைத் தொடவிடாது. அதைப் பெயர் சொல்லி, எழுத்தில் கேளுங்கள். 'நிர்வாகி அனுமதி வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் யாரும் தயங்குவார்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காட்சியில் வினவலின் வாசகமும் தெரியும். முறைப்படி எழுதிய நிரலில் மதிப்புகள் இருக்குமிடத்தில் $1, $2 என்றுதான் இருக்கும். நோயாளியின் பெயரோ கைபேசி எண்ணோ அப்படியே தெரிந்தால் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும்: அந்தப் பதிவை மின்னஞ்சலில் சுற்றவிடாதீர்கள், எந்த இடத்தில் சரங்களை ஒட்டி வினவல் தயாராகிறது என்று தேடி அன்றே திருத்துங்கள். அது தாக்குபவனுக்குத் திறந்த கதவு.

குறுஞ்செய்தியை வெளியே எடுப்பது எப்படி

'செய்தி போகாவிட்டால் முன்பதிவும் வேண்டாம்' என்ற உங்கள் எண்ணம் நல்ல நோக்கத்தில் பிறந்தது. ஆனால் டிரான்ஸாக்‌ஷன் அதை உங்களுக்குச் செய்து தராது. தரவுத்தளத்தில் எழுதியதைத் திரும்பப் பெறலாம். அனுப்பிய குறுஞ்செய்தியைத் திரும்பப் பெற முடியாது. செய்தி போன பிறகு சேமிப்பு தோற்றால், இல்லாத முன்பதிவுக்கான உறுதிச் செய்தியோடு ஒரு பெரியவர் வெறும் வயிற்றில் வந்து நிற்பார்.

நான் பரிந்துரைப்பது இது. முன்பதிவைச் சேமிக்கும் அதே டிரான்ஸாக்‌ஷனில், 'அனுப்ப வேண்டியவை' என்ற ஓர் அட்டவணையில் ஒரு வரி எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து நிற்கும் அல்லது சேர்ந்து விழும். பின்னணியில் ஓடும் தனிப் பணி ஒன்று அந்த அட்டவணையைப் படித்து, இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செய்தியை அனுப்பி, பிறகு மறுபடி இணைப்பெடுத்து 'அனுப்பியாயிற்று' என்று குறிக்கட்டும். அனுப்பியதற்கும் குறித்ததற்கும் இடையில் செயலி நின்றுபோனால் ஒருவருக்கு இரண்டு முறை செய்தி போகலாம். பரிசோதனைக் கூடத்துக்கு அது தாங்கக்கூடிய குறை. பணம் பிடிக்கும் அழைப்பாக இருந்திருந்தால் ஒரு தனித்த அடையாள எண்ணை அனுப்பி இரட்டிப்பைத் தடுக்கும்படி சொல்லியிருப்பேன்.

இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறதே என்று நீங்கள் தேடுவீர்கள். இரண்டு பொறிகள் அங்கே காத்திருக்கின்றன. பலர் அவற்றில் விழுந்து, 'வெளியே எடுத்தும் பயனில்லை' என்று தவறான முடிவுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, ஸ்பிரிங் பூட்டில் 'ஓபன் இன் வியூ' என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். நீங்கள் ஜேபிஏ (தரவுத்தள வரிகளை ஜாவா பொருள்களாகக் கையாளும் முறை) பயன்படுத்துகிறீர்கள். அப்படியானால் டிரான்ஸாக்‌ஷன் முடிந்த பிறகும் அந்த இணைய கோரிக்கைக்குப் பதில் போய்ச்சேரும்வரை இணைப்பு கையிலேயே இருக்கும். செயலி தொடங்கும்போது பதிவேட்டில் அதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வரி வருகிறது. நாம்தான் அதைப் படிப்பதில்லை. அதை அணைத்துவிடுங்கள். அணைத்த பின் சில திரைகளில் தாமதமாக ஏற்றப்படும் தரவு கிடைக்காமல் பிழை வரும், ஆகவே சோதனைச் சூழலில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே நேரடிச் சூழலுக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டாவது, 'கமிட் ஆன பிறகு ஓடு' (அதாவது டிரான்ஸாக்‌ஷன் உறுதியான பிறகு) என்று குறித்த நிகழ்வுக் கையாளி. பெயரைப் பார்த்தால் இணைப்பு திரும்பிவிட்டது போல இருக்கும். அதே த்ரெட்டில் அது ஓடும்போது பூட்டு அவிழ்ந்திருக்கும், இணைப்போ இன்னும் திரும்பியிருக்காது. அதற்குள் இருந்து 20 விநாடி வெளியே பேசினால் பழைய கதைதான். அதேபோல, ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் இன்னொரு புதிய டிரான்ஸாக்‌ஷனைத் திறக்கும் பழக்கமும் வேண்டாம். பத்துப் பேர் ஆளுக்கொரு இணைப்பைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு இரண்டாவது ஒன்றுக்காகக் காத்திருந்தால், நேரம் கடக்கும்வரை யாரும் நகரமுடியாது.

எப்படி மாற்றினாலும் குறுஞ்செய்தி அழைப்புக்கு மூன்று, நான்கு விநாடி என்று ஒரு கால எல்லை வையுங்கள். கூடவே ஹிகாரியின் கசிவு கண்டறியும் எல்லையை 10 விநாடியாக வைத்தால், அதற்கு மேல் இணைப்பைப் பிடித்திருக்கும் நிரலின் இடம் பதிவேட்டில் வந்துவிடும். 'கசிவு' என்று அது சொல்வதெல்லாம் கசிவு அல்ல, நீண்ட நேரம் வைத்திருப்பதையும் அப்படித்தான் சொல்லும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

எத்தனை இணைப்புகள் போதும்?

50 என்று வைத்தபோது ஒரு பெருக்கலை விட்டுவிட்டீர்கள். பூல் ஒவ்வொரு நகலுக்கும் தனி. நான்கு நகல், ஆகவே 200. போஸ்ட்கிரஸின் இயல்பு வரம்பு 100. அதில் 3 நிர்வாகிக்காக ஒதுக்கப்பட்டவை. மறுக்காமல் என்ன செய்யும்?

போஸ்ட்கிரஸ் சமூகத்தில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு தொடக்கக் கணக்கு உண்டு: கோர்களின் எண்ணிக்கையை இரட்டித்து, வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. உங்கள் எட்டு கோர் இயந்திரத்துக்கு ஏறக்குறைய 17. சுழலும் வட்டுகளின் காலத்தில் பிறந்த சூத்திரம், ஆகவே வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் நூற்றுக்கணக்கில் யோசிக்கும் மனதை இரண்டு இலக்கத்துக்கு இறக்க அது உதவும். உங்களுக்கு நகலுக்கு 10 என்ற பழைய அளவே போதும். புதிய பதிப்பை நிறுவும்போது பழைய நகல்களும் புதியவையும் சிறிது நேரம் சேர்ந்து ஓடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்: 80. வரம்புக்குள் நிற்கிறது.

தரவுத்தளத்தின் 500-ஐ மீண்டும் 100 ஆக்கச் சொல்லுங்கள். அந்த மாற்றத்துக்குப் போஸ்ட்கிரஸை நிறுத்தித் தொடங்க வேண்டும். ஞாயிறு இரவு உங்களுக்கு ஏற்ற நேரம். செயலியின் பயனருக்கு மட்டும், டிரான்ஸாக்‌ஷனுக்குள் சும்மா நிற்கும் இணைப்பை 60 விநாடியில் துண்டிக்கும் அமைப்பையும் போட்டுவைக்கலாம். இது கீழே விரித்த வலைதான். நிரலைத் திருத்தாமல் இதை மட்டும் போட்டால் முன்பதிவுகள் பாதியில் அறுபடும்.

ஆறரை மணிக்கு முதலில் வருபவர்

இது தனிச் சிக்கல், திங்கள் உறைவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இணையத்தில் படித்த ஆலோசனையின்படி இணைப்பின் ஆயுட்கால அளவைப் பூஜ்ஜியம் ஆக்கியதாகச் சொல்கிறீர்கள். பூஜ்ஜியம் என்றால் முடிவற்ற ஆயுள். ஹிகாரியின் இயல்பு அளவு 30 நிமிடம், அது காரணத்தோடு வைக்கப்பட்டது.

நடுவில் இருக்கும் ஃபயர்வால், நீண்ட நேரம் பேச்சில்லாத இணைப்புகளைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். இரு முனைக்கும் அதைச் சொல்லாமல் நீக்குவதும் உண்டு. ஞாயிறு முழுவதும் யாரும் பேசவில்லை. திங்கள் காலை உங்கள் பூல் நிறைய இணைப்புகள் இருக்கின்றன, எல்லாம் செத்தவை. ஹிகாரி ஒன்றைக் கொடுக்கும் முன் உயிர் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து 5 விநாடி வரை காத்திருக்கும். பதில் இல்லை என்றால் எறிந்துவிட்டு அடுத்தது. ஆறு இணைப்புகளைத் தட்டுவதற்குள் 30 விநாடி போய்விடும், முதலில் வந்தவருக்குப் பிழை. அதற்குள் பூலில் புதியவை சேர்ந்திருக்கும், மறுமுறை சரியாகிவிடும். நீங்கள் விவரித்தது அச்சாக இதுதான்.

நெட்வொர்க் குழுவிடம் 'நெட்வொர்க் சரியா' என்று கேட்டால் 'சரி' என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள்: 'பேச்சில்லாத டிசிபி இணைப்பை எத்தனை நிமிடத்தில் மறக்கிறீர்கள்?' அந்த எண் கிடைத்ததும் ஆயுட்காலத்தை அதைவிடக் குறைவாக வையுங்கள். தெரியும்வரை 30 நிமிடத்துக்கே திரும்புங்கள், ஹிகாரியின் கீப்அலைவ் (சும்மா இருக்கும் இணைப்பை அவ்வப்போது தட்டிப் பார்ப்பது) நேரத்தை 2 நிமிடமாகப் போடுங்கள். லினக்ஸின் சொந்தக் கீப்அலைவை நம்பிவிடாதீர்கள். அதன் இயல்பு அளவு 7200 விநாடி. இரண்டு மணி நேரம் கழித்து வரும் விசாரிப்பு ஃபயர்வால் மறந்த பிறகே வந்துசேரும்.

நீங்கள் கேட்ட மூன்று வழிகள்

பூலை எடுத்துவிடுவது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய டிசிபி இணைப்பு, கடவுச்சொல் சரிபார்ப்பு, சர்வரில் ஒரு புதிய புராசஸ் என்று செலவு கூடும். குறுஞ்செய்திக்காகக் காத்திருக்கும் கூட்டம் நேராகத் தரவுத்தளத்தின் மேல் போய் விழும். பெரிய சர்வர் கேட்பதற்கு இன்றைக்கு ஒரு நியாயமும் இல்லை; இருபது சதவீதம் பத்து சதவீதம் ஆகும், வரிசை அப்படியே இருக்கும்.

மறுதொடக்கத்தை மட்டும் நான் உடனே தள்ளிவிடமாட்டேன். நோயாளிகள் நிற்கும்போது அது தேவைப்படலாம். ஆனால் அதைத் தானியங்கியாக்காதீர்கள். பாதியில் இருக்கும் முன்பதிவு அறுபடும், செய்தி மட்டும் போயிருக்கும். அதோடு தடயமும் அழியும். மறுதொடக்கத்துக்கு முன் ஒரு நிமிடம் எடுத்து, ஜேஸ்டாக் என்ற ஜாவா கருவி கொண்டு த்ரெட்களின் நிலையையும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியின் வெளியீட்டையும் பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை கோப்பில் சேமியுங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்கும் த்ரெட்கள்தான் சாட்சி.

அந்தக் கோப்புகளோடு நிர்வாகியையும் நெட்வொர்க் குழுவையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். தனித்தனியாகக் கேட்டதால்தான் ஆளுக்கொரு உண்மை கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே போன்ற உறைவுக்கு வரம்பை உயர்த்திக்கொண்டே போனேன். நிரலாளரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். உங்கள் நிர்வாகியும் உங்களுக்கு எதிரி இல்லை.

வேலைகளின் வரிசை இப்படி இருக்கட்டும். இன்றே: குறுஞ்செய்திக்குக் கால எல்லை, ஆயுட்காலம் 30 நிமிடம், கசிவு கண்டறியும் எல்லை. ஞாயிறு இரவு: பூல் 10, தரவுத்தள வரம்பு 100. அடுத்த இரண்டு வாரங்களில்: 'அனுப்ப வேண்டியவை' அட்டவணையும் 'ஓபன் இன் வியூ' அணைப்பும். வரும் திங்கள் காலை ஆறரை மணிக்கே திரையைத் திறந்து, பூலில் காத்திருப்போரின் எண்ணிக்கையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். ஏழு மணிக்கு மேல் அது ஏறினால், மூன்று கோப்புகளையும் நோயாளி விவரங்களை நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள். அன்று மாலையே பார்க்கிறேன்.